தன்னையே திருப்பியனுப்பும் செயற்கூறுக்கு எந்தத் தரவினத்தை எழுதுவது?

கேள்வி:
சி மொழியில் ஒரு சிறு லெக்சர், அதாவது உரையைச் சொல், எண் போன்ற துண்டுகளாகப் பிரிக்கும் நிரல், எழுதிவருகிறேன். எண், சொல், மேற்கோள் என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செயற்கூறு உண்டு. அது தன் வேலை முடிந்ததும் அடுத்து இயங்க வேண்டிய செயற்கூறின் சுட்டை (அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் மதிப்பை) திருப்பியனுப்ப வேண்டும். நிலை மாறாவிட்டால் தன்னையே அனுப்ப வேண்டும். பைத்தானில் இதற்குச் சிரமமே இருக்கவில்லை. சி-யில் டைப்டெஃப் (தரவினத்துக்குப் பெயரிடும் அறிவிப்பு) எழுதத் தொடங்கினால், வரையறுக்கப்படும் பெயரே வரையறைக்குள்ளும் தேவைப்படுகிறது. அப்படியொரு பெயரே இல்லை என்று நிரல்பெயர்ப்பி மறுக்கிறது. எந்தத் தரவினத்தையும் குறிப்பிடாத வாய்டு சுட்டாக மாற்றி அனுப்பினால் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

மறுமொழி 1:
விட வேண்டாம். செயற்கூறின் சுட்டை வாய்டு சுட்டாக மாற்றுவதற்குச் சி தரநிலை உறுதி தரவில்லை. பாசிக்ஸ் (யுனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்கான தரநிலை) அமைப்புகளில், நூலகத்திலிருந்து செயற்கூறின் முகவரியைத் தேடித்தரும் டிஎல்சிம் அதை நம்பியிருப்பதால் அங்கே ஓடுகிறது. வேறொரு செயற்கூறுச் சுட்டு வகைக்கு மாற்றி, அழைக்கும் முன் பழைய வகைக்கே மீட்பது தரநிலைக்கு உட்பட்டதுதான். ஆனால் மீட்கும்போது வகை தவறினால் எச்சரிக்க யாரும் இல்லை.

ஒரே ஒரு செயற்கூறுச் சுட்டை உறுப்பாகக் கொண்ட ஸ்ட்ரக்ட் (உறுப்புகளைத் தொகுக்கும் தரவினம்) ஒன்றை அமைத்து, அந்தச் செயற்கூறு திருப்பும் தரவினமாக அதே ஸ்ட்ரக்டைக் குறிப்பிடுங்கள். ஸ்ட்ரக்டின் பெயர் அதன் உடல் தொடங்கும் முன்பே அறிமுகமாகிவிடுகிறது. சுட்டை அறிவிக்கும் இடத்தில் திரும்பும் தரவினம் முழுமை பெற்றிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். இந்தத் தரவினத்தை விரித்து எழுதினால், செயற்கூறைத் திருப்பும் செயற்கூறைத் திருப்பும் செயற்கூறு என்று முடிவில்லாமல் நீளும். நடுவே ஒரு பெயர் குறுக்கிட்டால்தான் விரிவு நிற்கும். கோ மொழியில் பெயரிட்ட தரவினம் தன் வரையறைக்குள் தன்னையே குறிப்பிடலாம். 2011-இல், அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் லெக்சர் பற்றி ஆற்றிய உரையில் காட்டிய ஸ்டேட்எஃப்என் இதுதான். அதையே சமக்குறியிட்டு வெறும் மாற்றுப்பெயராக எழுதினால் கோவும் மறுத்துவிடும், ஏனெனில் மாற்றுப்பெயர் புதிய தரவினத்தை உருவாக்குவதில்லை.

ஹாஸ்கெல் மொழி இதை முடிவிலாத் தரவினம் என்று பிழை காட்டும். நியூடைப்பில் (ஒரே மதிப்பைப் பொதியும் புதிய தரவினத்தில்) பொதிந்தால் ஏற்கும், இயங்கும்போது அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. ஓகேமல் மொழியின் நிரல்பெயர்ப்பிக்கு ரெக்டைப்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பொதியாமலேயே ஏற்கப்படும், ஆனால் கைத்தவறாக எழுதியவையும் விசித்திரமான தரவினங்களோடு ஏற்கப்பட்டுவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
ஸ்ட்ரக்ட் வழி வேலை செய்கிறது, நன்றி. முடிவு நிலையை எப்படிக் குறிப்பது?

மறுமொழி 1:
உறுப்பில் எதையும் காட்டாத வெற்றுச் சுட்டை (NULL) வைத்து அனுப்புங்கள்; அது வெற்றுச் சுட்டாக இல்லாதவரை சுழலும் ஒரு வைல் மடக்கு போதும். நிலைகள் ஒன்றையொன்று குறிப்பிடுவதால், எல்லாச் செயற்கூறுகளின் முன்வடிவங்களையும் கோப்பின் தலைப்பகுதியிலேயே அறிவித்துவிட வேண்டும்.