பழைய மைக்ராஸ்கோப் வாங்கியிருக்கேன், 40எக்ஸ் போட்டா ஒரே பனிமூட்டம், எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

தண்ணித்துளி:

வணக்கம் மக்களே, சின்ன வயசுலேருந்து இருந்த ஆசை போன வாரம்தான் கைகூடிச்சு, ஒரு லேப்ல வேணாம்னு கழிச்சுப் போட்ட மைக்ராஸ்கோப் ஒன்னை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன். ஒத்தக் கண்ணு வச்சுப் பாக்குற மாடல், உடம்பு முழுக்க இரும்பு, நல்ல கனம். நாலு அப்ஜெக்டிவ் (ஸ்லைடு பக்கம் இருக்கற லென்ஸ்) இருக்கு, 4, 10, 40, 100. லைட் கிடையாது, அடியில ரெண்டு பக்கமும் திருப்புற வட்டக் கண்ணாடி ஒன்னு, அதுக்கும் ஸ்லைடு வைக்கிற ஸ்டேஜுக்கும் நடுவுல குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு லென்ஸ், அதுல ஒரு சின்னக் கம்பி நீட்டிட்டு இருக்கு, அதைத் தள்ளினா ஓட்டை பெருசாவும் சின்னதாவும் ஆகுது, அது எதுக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

4லயும் 10லயும் வெங்காயத் தோல் அழகா தெரியுது, செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமா. அப்படியே 40க்குத் திருப்பினா போச்சு, ஆவி படிஞ்ச ஜன்னல் வழியா பாக்குற மாதிரி இருக்கு, என்ன திருகினாலும் கோடு கூர்மையாவே வரமாட்டேங்குது. அப்புறம் பெரிய ஃபோகஸ் திருகு ரொம்ப டைட், ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் திருப்ப வேண்டியிருக்கு. சின்ன திருகு ஒரு பக்கம் மட்டும் சுத்துது, இன்னொரு பக்கம் நின்னுடுது, உடைஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு. 100ஐ தொடவே இல்ல.

புதுசா ஒரு 40 வாங்கிப் போட்டுடலாமா, இல்ல லைட் மாத்தணுமா, இல்ல கேமரா ஒன்னு மாட்டினா சரியாகுமா? எனக்கு இதுல அடிப்படையே தெரியாது, பொறுமையா சொன்னீங்கன்னா போதும்.

கண்ணாடிச்சில்லு:

முதல்ல எதையும் வாங்காதீங்க. நீங்க சொல்றதுல ஒன்னுகூட புதுசா வாங்கி சரி பண்ற விஷயமா எனக்குப் படல.

சின்ன திருகு உடையல, கவலைப்படாதீங்க. அதுக்கு மொத்தமே ரெண்டு மூனு மில்லிமீட்டர்தான் ஓட்டம், உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க அதை ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்காங்க. சுத்துற பக்கமாவே மெதுவா சுத்தி அந்தக் கடைசி வரைக்கும் போங்க, எத்தனை சுத்துன்னு எண்ணிக்கோங்க, அப்புறம் அதுல பாதி திரும்பி வந்து நிறுத்துங்க. இனிமே எப்பவும் நடுவுலேருந்துதான் ஆரம்பிக்கணும். நின்ன இடத்துக்கு மேல அழுத்தித் திருகினாதான் உள்ள பல் போகும், அதை மட்டும் செய்யாதீங்க.

40 விஷயத்துக்கு வருவோம். அதோட பக்கவாட்டுல 40/0.65னு ஒரு வரி, கீழ 160/0.17னு ஒரு வரி பொறிச்சிருக்கா பாருங்க. 0.65ங்கறது லென்ஸ் எவ்வளவு அகலமா வெளிச்சத்தை வாங்கும்ங்கற எண். 160ங்கறது எத்தனை மில்லிமீட்டர் நீளக் குழாய்க்கு அந்த லென்ஸைக் கணக்குப் போட்டுச் செஞ்சாங்கன்னு. 160க்குப் பதிலா எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி குறி இருந்தா அது வேற வகை மைக்ராஸ்கோப்போடது, யாரோ மாத்திப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். 0.17 இருக்கே, அதுதான் முக்கியம், ஸ்லைடு மேல மூடற மெல்லிசு கண்ணாடி, அந்தக் கவர் ஸ்லிப்போட தடிமன், அதுவும் மில்லிமீட்டர்தான். 4க்கும் 10க்கும் கவர் ஸ்லிப் இருந்தாலும் ஒன்னுதான் இல்லாட்டியும் ஒன்னுதான், ஆனா 40 அப்படி இல்ல, அந்த 0.17 கண்ணாடியையும் தன்னோட ஒரு லென்ஸா நினைச்சுத்தான் அது வேலையே செய்யும். கவர் ஸ்லிப் போடாம பாத்தா நீங்க சொன்ன அதே மூட்டம் வரும். போட்டும் ஸ்லைடைத் தலைகீழா வச்சுட்டா, நடுவுல ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி வந்துடும், அப்ப ஃபோகஸே கிடைக்காது. தண்ணி அதிகமாகி கவர் ஸ்லிப் மிதந்தாலும் கெடுதல்தான், ஓரத்துல ஒரு பேப்பர் துண்டை வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் மூட்டம் போகலன்னா, என் சந்தேகம் ஆயில் மேலதான். 100க்கும் ஸ்லைடுக்கும் நடுவுல ஒரு சொட்டு ஆயில் விட்டுத்தான் பாப்பாங்க, லேப்ல அப்படிப் பாத்துட்டு, ஸ்லைடுல ஆயில் இருக்கும்போதே 40ஐத் திருப்பியிருப்பாங்க, அது லென்ஸ்ல தொட்டு வருஷக்கணக்கா காய்ஞ்சு வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். பழசா வர்ற 40கள்ல நான் முதல்ல தேடறதே இதைத்தான். எப்படிப் பாக்கறதுன்னா, ஐபீஸை, அதான் மேல கண்ணு வச்சுப் பாக்கற லென்ஸை, கழட்டித் தலைகீழா பிடிங்க, கண்ணு வைக்கிற பக்கத்தை அப்ஜெக்டிவோட முன் லென்ஸ்கிட்ட கொண்டுபோங்க, அதுவே நல்ல பூதக்கண்ணாடி. வெளிச்சம் பட்டுத் திரும்புற மாதிரி லேசா சாய்ச்சுப் பாருங்க. நல்ல லென்ஸ்னா கரு கருன்னு ஒரு கண்ணீர்த் துளி மாதிரி பளபளக்கும்.

பழைய இரும்பு:

மேல சொன்னதுக்கு அப்படியே வழிமொழியறேன், நான் திருகு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல அவசரப்பட்டு பல்லை உடைச்சவங்களைப் பாத்திருக்கேன், மனசு கேக்கல. அந்தக் காலத்து கிரீஸ் வயசாக ஆக இறுகி கோந்து மாதிரி ஆயிடும். உங்க திருகு டைட்டா இருக்கறதுக்கு பெரும்பாலும் அதான் காரணம். ரெண்டு கையால பலம் போட்டுத் திருப்பறதை இன்னிக்கே நிறுத்துங்க.

முதல்ல இறுக்கம் அட்ஜஸ்ட் பண்ற வசதி இருக்கான்னு பாருங்க, சில மாடல்ல பெரிய திருகுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு வளையம் இருக்கும், சிலதுல ரெண்டு பக்கத் திருகையும் ஒன்னுக்கொன்னு எதிர்த்திசையில திருப்பினா இறுக்கம் மாறும். அதுல சரியாகலன்னா ஹேர் டிரையர் காத்தை தூரத்துலேருந்து கொஞ்ச நேரம் காட்டுங்க, கிரீஸ் இளகினா திருகு வழி விடும். இது தற்காலிகம்தான். அப்புறம் குழாயை மேல கொண்டுவந்து கழட்டினா பல்சட்டம் தெரியும், பித்தளையில சாய்வா வெட்டின பல்லு, அதுலயும் வழுக்குற காடியிலயும் பழுப்பா மெழுகு மாதிரி இருக்கறது எல்லாம் பழைய கிரீஸ். டூத்பிக்ல சுரண்டி, லைட்டர் ஃப்ளூயிடுல நனைச்ச துணியால துடைச்சு எடுங்க, ஜன்னலைத் திறந்து வச்சு, பக்கத்துல நெருப்பு இல்லாம, லென்ஸ் எல்லாத்தையும் கழட்டி தனியா மூடி வச்சுட்டு. புது கிரீஸ் நகத்துல எடுக்கற அளவு போதும், கனமான கிரீஸாவே இருக்கணும், தையல் மெஷின் எண்ணெய் விட்டா குழாய் தானா கீழ இறங்கும், ஸ்லைடு உடையும்.

ஒவ்வொரு ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடியும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. சின்ன திருகோட பெட்டியைத் திறக்கவே திறக்காதீங்க, அது ஓடுதுன்னா விட்டுடணும்.

பாசி:

எல்லாரும் லென்ஸ் பக்கமே பேசுறீங்க, நான் வெளிச்சத்துக்கு வர்றேன், ஏன்னா ஆரம்பத்துல ஒரு வருஷம் நான் கோட்டைவிட்டது அங்கதான், லென்ஸ் மோசம் மோசம்னு நினைச்சுட்டே இருந்தேன், குறை கண்டென்சர்ல இருந்துச்சு.

அந்தக் குட்டிக் கிண்ண லென்ஸ்தான் கண்டென்சர். அது இருந்தா கண்ணாடியோட தட்டைப் பக்கத்தை மேல வைக்கணும், குழிஞ்ச பக்கம் கண்டென்சர் இல்லாத மைக்ராஸ்கோப்புக்கு. சூரியனை நேரா கண்ணாடியில வாங்கவே கூடாது, கண்ணு போயிடும், வெறும் பேச்சுக்குச் சொல்லல. ஒரு டேபிள் லேம்ப் எல்இடி பல்ப், அதுக்கு முன்னாடி ஒரு டிரேசிங் பேப்பர் துண்டு, அவ்வளவு போதும்.

அடுத்தது கண்டென்சரோட உயரம். அதை ஸ்டேஜோட மட்டத்துக்கு கிட்டக்க ஏத்துங்க, ஸ்லைடைத் தொடறதுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிறுத்துங்க. பழைய மைக்ராஸ்கோப்ல அது கீழ இறங்கியே கிடக்கும், அப்ப 40க்கு வேண்டிய அகலமான வெளிச்சம் கிடைக்காது.

நீட்டிட்டு இருக்குன்னு சொன்னீங்களே அந்தக் கம்பி, அது டயாஃப்ரம். அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறதுக்குன்னுதான் முக்கால்வாசி பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. 10லயோ 40லயோ ஃபோகஸ் பண்ணிட்டு ஐபீஸை உருவிட்டு குழாய்க்குள்ள வெறும் கண்ணால பாருங்க, அடியில ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். கம்பியைத் தள்ளத் தள்ள அந்த வட்டத்தோட ஓரத்துலேருந்து கறுப்பு உள்ள வரும். வட்டத்துல முக்கால் பங்கு வெளிச்சமா இருக்கற இடத்துல நிறுத்திட்டு ஐபீஸைத் திரும்பப் போடுங்க. முழுசா திறந்தா எல்லாம் வெளுத்துப்போய் செல் சுவர்கூட கரைஞ்ச மாதிரி இருக்கும், ரொம்ப மூடினா கறுப்புக் கோடு பளிச்சுன்னு வரும் ஆனா அதுல பாதி பொய், ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் வளையம் வளையமா இல்லாததெல்லாம் தெரியும். அப்ஜெக்டிவ் மாத்தும்போதெல்லாம் இதையும் மாத்தணும், நாலு நாள்ல கை தானா போகும்.

இன்னொன்னு, கறுப்புப் பேப்பர்ல ஒரு ரூபா நாணய அளவுக்குக் கொஞ்சம் சின்னதா வட்டம் வெட்டி கண்டென்சருக்கு அடியில நடுவுல வச்சு, டயாஃப்ரமை முழுசா திறந்து, 10ல குளத்துத் தண்ணியைப் பாருங்க. வட்டத்தோட அளவை ரெண்டு மூனு தடவை மாத்தி வெட்ட வேண்டியிருக்கும். சரியா அமைஞ்சா பின்னணி ராத்திரி மாதிரி இருண்டு, உயிருங்க எல்லாம் நட்சத்திரமா மின்னும். அது மாதிரி ஒரு அழகை நான் வேற எதுலயும் பாத்ததில்ல.

தண்ணித்துளி:

கண்ணாடிச்சில்லு அண்ணே, ஆயில்தான்! ஐபீஸைத் தலைகீழா பிடிச்சுப் பாத்தேன், 100 பளபளன்னு இருக்கு, 40ல மட்டும் நடுவுல மஞ்சளா ஒரு ஏடு, அதுல ஒரு தூசி இழைகூட ஒட்டி உறைஞ்சு போயிருக்கு. ஒன்னும் செய்யாம விட்டு வச்சிருக்கேன், எதை வச்சுத் துடைக்கலாம்?

திருகு நடுவுக்கு வந்துடுச்சு, மொத்தம் 14 சுத்து இருந்துச்சு, 7ல நிறுத்திட்டேன். பாசி அக்கா, குழாய்க்குள்ள அந்த வட்டம் தெரிஞ்சுது, கம்பி எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.

கண்ணாடிச்சில்லு:

அருமை. லென்ஸ் டிஷ்யூ இல்லன்னா நல்ல பஞ்சுக் குச்சி போதும். முதல்ல ரப்பர் பல்பால ஊதி தூசியை விரட்டுங்க. குச்சியில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசா ஈரம் படற அளவு, சொட்டக் கூடாது, அப்ஜெக்டிவைக் கழட்டி முன் லென்ஸ் கீழ பாக்கற மாதிரி பிடிச்சுக்கணும், அப்பத்தான் ஈரம் உள்ள இறங்காது. நடுவுலேருந்து வெளிய சுருள் மாதிரி ஒரே ஒரு சுத்து, குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க. அழுத்தவே கூடாது, ஏடு ஊறி வரணும். நிறைய 40ல முன் லென்ஸ் கொஞ்சம் குழிஞ்சிருக்கும், ஓரத்துல அழுக்கு பதுங்கும், குச்சி முனைப் பஞ்சை இழுத்துக் கூர்மையாக்கிக்கோங்க. அசிட்டோன் பக்கம் போகாதீங்க, லென்ஸை ஒட்டியிருக்கற பசையையே அது கரைச்சுடலாம். பத்து குச்சி போனாலும் பரவால்ல, ஒவ்வொரு தடவையும் ஐபீஸால பாத்துட்டு அடுத்தது.

தண்ணித்துளி:

13 குச்சி. எட்டாவதுல அந்த ஏடு ஒரு பக்கம் பிறை மாதிரி விலகிச்சு, கடைசியில கறுப்பா பளபளன்னு ஆயிடுச்சு, நீங்க சொன்ன அதே கண்ணீர்த் துளி. மாட்டி, தொட்டித் தண்ணியில கிடந்த அழுகின இலையைச் சுரண்டி ஒரு துளி வச்சேன், 10ல தேடிப் பிடிச்சு 40க்குத் திருப்பினேன்.

காம்பு மேல மணி கவுத்து வச்ச மாதிரி ஒன்னு. மணியோட வாயைச் சுத்தி மயிரு மாதிரி ஏதோ படபடன்னு ஓடுது, சுத்தி இருக்கற தூசியெல்லாம் சுழல் மாதிரி அதுக்குள்ள போகுது. டேபிளை லேசா தட்டினேன், காம்பு சட்டுனு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு மணி கீழ போய் உக்காந்துடுச்சு, அப்புறம் மெல்ல மெல்ல நிமிருது. திரும்பத் திரும்ப, ஒரு மணி நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். இது என்ன? எவ்வளவு பெருசு? இனி 100 போட்டுப் பாக்கலாமா?

பாசி:

வோர்டிசெல்லா! ஒரே ஒரு செல், உங்களுக்கு முதல் நாளே கிடைச்சிருக்கு. காம்புக்குள்ள சுருளா ஒரு இழை தெரியும் பாருங்க, நம்ம தசை மாதிரி இல்ல அது, கால்சியம் வந்து ஒட்டினதும் சுருங்கிடும். 1670கள்ல லீவன்ஹூக்னு ஒரு டச்சுக்காரர் ஒத்த லென்ஸை வச்சு குளத்துத் தண்ணியில பாத்ததும் இந்த மாதிரி உயிருங்களைத்தான், அவர் செஞ்சதுல இன்னிக்கு மிஞ்சியிருக்கற நல்ல லென்ஸ் ஒன்னு 270 மடங்கு கிட்ட பெருசாக்கும், உங்க 40ம் 10 ஐபீஸும் சேர்ந்தா 400.

அளவு கண்டுபிடிக்க எதுவும் வாங்க வேணாம். ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் ஸ்கேலை 4ல வச்சு, வட்டத்தோட அகலத்துல எத்தனை மில்லிமீட்டர் அடங்குதுன்னு எண்ணுங்க. நாலரை வந்துச்சுன்னா 40ல அதுல பத்துல ஒன்னு, 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். மணி அந்த அகலத்துல எட்டுல ஒரு பங்கு இருந்தா ஏறக்குறைய 56 மைக்ரான்.

100 பத்தி என் அபிப்பிராயம், இப்ப வேணாம். அதுக்கு இம்மெர்ஷன் ஆயிலே வேணும், வேற எண்ணெய் எதுவும் ஆகாது, ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், தண்ணியில ஓடுற உயிரு பின்னாடி 100ஐ வச்சுத் துரத்த முடியாது.

கண்ணாடிச்சில்லு:

இதுல மட்டும் பாசியோட நான் ஒத்துப்போகல. 0.65 போட்ட 40 அரை மைக்ரான் இடைவெளி வரைக்கும் பிரிச்சுக் காட்டும், 1.25 போட்ட 100 அதுல பாதியை, கால் மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. பாக்டீரியாவோட உருவம் தெரியணும்னா 100தான். ஆனா தயிர்ல ஒரு துளி காய வச்சு சாயம் போட்ட ஸ்லைடு மாதிரி அசையாததா இருக்கணும், ஆயில் போட்டப்புறம் 40ஐ அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. நீங்க 13 குச்சி போட்டிருக்கீங்க, உங்களுக்கு இது மறக்காது.

தண்ணித்துளி:

நாலரைதான் வந்துச்சு அக்கா. மணி எட்டுல ஒன்னை விடக் கொஞ்சம் பெருசு, 60 மைக்ரான்னு எழுதி வச்சிருக்கேன். அதே இலையில இப்ப பக்கத்துல ரெண்டாவது மணி ஒன்னு, ஒரே காம்புல, பிரியப் போகுதா என்னன்னு தெரியல. தண்ணி காயாம ஓரத்துல சொட்டு விட்டுட்டே இருக்கேன், பெரிய திருகை நாளைக்குப் பிரிச்சுக்கலாம்.