ஓடுபாதையில் நின்றுவிட்ட விமானத்தை ஃபைபர் கேபிளால் கண்டுபிடிப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஓடுபாதை ஓரம் புதைத்த ஆப்டிகல் ஃபைபர் மூலம் விமானங்களைக் கண்காணிப்பதுதான் என் முதுகலை புராஜெக்ட். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கேபிளுக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பி, கண்ணாடி இழையில் சிதறித் திரும்பும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறோம். ஒரு மீட்டர் போய்வர ஒளிக்குச் சுமார் 10 நானோநொடி ஆகும். அதை வைத்து அதிர்வு வந்த இடத்தைக் கணக்கிடலாம். நேரம்-தூரம் வரைபடத்தில் ஓடும் விமானம் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்வுதான் வேகம். சக்கரம் தரையைத் தொடும் இடம் பளிச்சென்று தெரியும். இதுவரை பிரச்சினை இல்லை.

விமானம் நின்றுவிட்டால்தான் சிக்கல். கோடு மங்கி, சுற்றியுள்ள இரைச்சலில் கரைந்துவிடுகிறது. ஆனால் முக்கியமாகப் பிடிக்க வேண்டியதே அதைத்தான். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஏ350 பயணிகள் விமானம் மோதியது ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது. அதிலிருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள்.

பிராக் கிரேட்டிங் சென்சார் (குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் இழைப் பகுதி; அது நீண்டால் அந்த அலைநீளமும் மாறும்) பதித்தால் நிற்கும் சுமையும் தெரியும். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அலைநீளம் ஏறக்குறைய 10 பிக்கோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. வெயிலில் காயும் கான்கிரீட்டில் சுமையையும் வெப்பத்தையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? சுமை படாத இன்னொரு கிரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்தால் போதுமா?

இன்னொன்று: குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் பழைய தொலைத்தொடர்பு கேபிள் இந்த வேலைக்குத் தாங்குமா, நேரடியாக மண்ணில் புதைத்தே ஆக வேண்டுமா? ரயில் பாதையிலோ நெடுஞ்சாலையிலோ செய்து பார்த்தவர்கள் சொன்னாலும் பெரிய உதவி. பொதுவில் கிடைக்கும் டேட்டா இருந்தால் கமெண்டில் லிங்க் போடுங்கள்.