கோல்ஃப் பழகும்போது யாரோ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறதா? உங்கள் அனுபவம்

மண்டபம் வடகரை

லீவில் வந்திருக்கிறேன். துபாயில் ஒரு டிரைவிங் ரேஞ்சில் (கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் திடல்) பந்து பொறுக்குகிற வண்டி ஓட்டும் வேலை, ஒன்பது வருஷம். ஆளில்லாத நேரத்தில் அடித்து அடித்துப் பழகியதுதான், பாடமெல்லாம் கிடையாது. பழைய ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை ஒன்று, வெட்ஜ் மட்டை ஒன்று, கழித்துப்போட்ட பந்து ஒரு பை, எல்லாம் என்னோடு ஊருக்கு வந்துவிட்டன. "இந்தக் கம்பிக்கா கார்கோவுக்குக் காசு கட்டினே?" என்று உம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் வடகடல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்போது ஈர மணல் நன்றாக இறுகிக் கிடக்கும். கரையோரமாக நீளவாக்கில் அடிப்பேன். போன செவ்வாய்க்கிழமை படகு நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பையைக் கட்டும்போது கூப்பிட்டார்.

"எண்பத்தி மூணு அடிச்சே தம்பி. ரெண்டே ரெண்டைத்தான் அது விழுற வரைக்கும் நின்னு பார்த்தே. மத்ததெல்லாம் யாரு அடிச்சது?"

சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். நன்றாகப் பட்டால் கடைசி வரை பார்ப்பேன். கோணலாகப் போனால் பந்து காற்றில் இருக்கும்போதே என் கால் அடுத்த பந்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷமாக இப்படித்தான் அடித்திருக்கிறேன் போல. மூன்று நாளாகக் கடற்கரைப் பக்கம் போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நானும் துபாயில் இருந்தவன்தான். எமிரேட்ஸ் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம் 1988இல் திறந்தபோது, மத்திய கிழக்கிலேயே முழுக்கப் புல் போட்ட முதல் மைதானம் அதுதான். அதற்கு முன்னால் மணலில்தான் ஆட்டம். ஆளுக்கொரு சின்னச் செயற்கைப் புல் துண்டைக் கையோடு வைத்திருப்பார்கள், போகிற இடமெல்லாம் அதை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். குழி இருக்கும் இடத்தில் எண்ணெய் கலந்த மணலைச் சமன் செய்து வைத்திருப்பார்கள், அதற்கு 'பிரவுன்' என்று பெயர். எங்கள் மாமா கதை கதையாகச் சொல்வார். அதை விடுங்கள்.

நான் வேலை பார்த்தது வேறொரு இடம். அங்கே ஒரு கொரியாக்கார அம்மா வருவார். மற்றவர்கள் இரண்டு வாளிப் பந்தை வாங்கி, டிரைவரால் (தூரமாக அடிக்கும் பெரிய மட்டை) மட்டும் சாத்திவிட்டு அரை மணியில் வியர்த்துப் போய்க் கிளம்புவார்கள். இவருக்கு ஒரு மணி நேரத்துக்கு முப்பது பந்து போதும். ஒவ்வொன்றுக்கும் பந்துக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பார், வேறு மட்டை எடுப்பார், வேறு கொடியைக் குறிவைப்பார். கடைசியில் குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் நின்று உருட்டுவார். ஐம்பது தொடர்ந்து விழ வேண்டும், அது அவருடைய கணக்கு.

ஒருநாள் நான் விளக்கை அணைக்கக் காத்து நிற்கிறேன். கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது. நானும் மனசுக்குள் எண்ணுகிறேன்: நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஐம்பதாவது குழியின் உதட்டில் சுற்றி வெளியே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், கைகூப்பினார், "ஒன்று" என்று ஆங்கிலத்தில் சொல்லி மறுபடி ஆரம்பித்தார்.

பஸ் போய்விட்டது. அன்றைக்கு அந்த அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

தொண்டி மருமகள்

எனக்கு நடந்தது நேர் எதிர். நான் கெடுத்த கதை.

சென்னையில் ஆபீஸ் தோழிகளோடு போய்ப் பழகியது. கல்யாணமாகி வந்தபோது பட்டரும் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஆறு பந்தும் மட்டும் கொண்டுவந்தேன். ஒரு மழைநாளில் ஹாலில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். மாமா (வீட்டுக்காரரின் அப்பா) கேரம் ஆடுகிறவர், இந்த வட்டாரத்தில் அவரை ஜெயித்தவர்கள் குறைவு. "இங்கே குடும்மா" என்று வாங்கினார். ஒரு கையால் பிடித்தார். முதல் பந்து டம்ளருக்குள். இரண்டாவதும். ஏழில் ஆறு! எனக்கு ஆறில் இரண்டுதான் விழுந்திருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். "மாமா, மணிக்கட்டை மடக்கக் கூடாது, தோளிலிருந்து ஆட்டணும், தலை அசையக் கூடாது" என்று ஆரம்பித்தேன். பாவம், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒன்றுகூட விழவில்லை. இருபது தடவை முயன்றிருப்பார். டம்ளரைப் பார்க்காமல் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பட்டரைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, "இது உங்க விளையாட்டும்மா" என்று உள்ளே போய்விட்டார். இரண்டு வருஷமாகத் தொடவில்லை.

ராமநாதபுரம் ஓய்வு பி.டி. மாஸ்டர்

வலைக்காரப் பெரியவர் சொன்னதை வேதவாக்காக்க வேண்டாம். எண்பத்து மூன்று பந்து அடித்ததில் தப்பே இல்லை. எப்படி அடித்தார் என்பதுதான் கேள்வி.

என் அனுபவம் சின்னது. கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய பழைய கிளப் இருக்கிறதே, அங்கே ஒரு நண்பர் கூட்டிப்போனார். மூன்று பந்தும் ஸ்லைஸ் ஆகி, அதாவது வலப்பக்கம் வளைந்து, காட்டுக்குள். மட்டைப் பை தூக்கிவரும் கேடிப் பையன் மெல்லக் கேட்டான்: "சார், மூணும் ஒரே பக்கம்தானே போகுது. ஒவ்வொரு தடவையும் ஏன் ஆச்சரியப்படுறீங்க?" அவ்வளவுதான் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒன்று, ஈர மணலைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குச்சியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், கோட்டின்மேல் பந்தை வையுங்கள். அடித்த பிறகு மணலில் விழும் வெட்டு கோட்டிலோ கோட்டுக்கு முன்பக்கமோ தொடங்க வேண்டும். பின்னால் தொடங்கினால் முதலில் மண்ணை அடித்திருக்கிறீர்கள். பந்து எங்கே போனதென்று பார்ப்பதைவிட இந்தக் கோடு அதிகம் சொல்லும். பெரியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்புறம் காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் எதிர்காற்றில் ஓங்கி அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடி, மேலே எழும்பி, போன இடத்திலேயே தொங்கி விழும். ஏழாம் நம்பர் மட்டைக்குப் பதில் ஐந்தாம் நம்பரை எடுத்து முக்கால்வாசி ஸ்விங்கில் (மட்டை வீச்சில்) தாழ்வாக அடியுங்கள். எதிர்காற்றென்றதும் எல்லாருக்கும் கை துடிக்கும், அதை அடக்குவதுதான் பழக்கம்.

பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து 72 தடவை அடிக்கலாம் என்பதுதான் 'பார் 72' மைதானத்தின் கணக்கு; அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 தடவை பட்டருக்கே போகிறது. பாதி! ஆனால் யார் பையிலும் டிரைவர்தான் தேய்ந்திருக்கும். அமெரிக்காவின் பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்திலிருந்து உருட்டினால் ஏறக்குறைய பாதிதான் விழுகிறது. நாம் ஆறடியில் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

காக்கா சொன்ன அம்மையார் மட்டையை மாற்றி மாற்றி அடித்தது சரியான முறை. கட்டைகளைக் கையால் தட்டிவிடும் ஒரு வேலையை வைத்து 1979இல் ஷே, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதித்தார்கள். ஒரே மாதிரியே பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்களுக்குப் பயிற்சியில் தடுமாற்றம், ஆனால் பிறகு வைத்த சோதனையில் அவர்கள்தான் முந்தினார்கள். அதனால் பயிற்சியில் மோசமாக அடிக்கிறோமே என்று பயப்படாதீர்கள். ஈட்டி எறியும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொண்டி அம்மாவுக்கு: நீங்கள் செய்தது தவறு. கைகளைக் கவனி என்று சொல்லப்பட்டவர்களைவிட, மட்டையின் ஆட்டத்தைக் கவனி என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள் என்று 1999இல் கோல்ஃபை வைத்தே ஆய்வாளர் காப்ரியேல் வுல்ஃப் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். மாமனாரிடம் டம்ளரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம். வேண்டுமானால் ஒரு கால அட்டவணை எழுதித் தருகிறேன்.

தொண்டி மருமகள்

சார், தவறு என்று நானே சொல்லிவிட்டுத்தானே ஆரம்பித்தேன்? அட்டவணை வேண்டாம். அவருக்கு எழுபத்தி இரண்டு வயசு.

கீழக்கரை காக்கா

மாஸ்டர், கோடு போடுவது நல்ல யோசனைதான். ஆனால் பெரியவர் ஸ்விங்கைப் பற்றிப் பேசவே இல்லையே. தம்பி தன் கெட்ட அடியைப் பார்க்க மாட்டேன் என்கிறார், அதைத்தான் அவர் சொன்னார். உங்கள் கேடிப் பையன் சொன்னதும் அதேதான். உங்கள் கதையை நீங்களே இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ராமநாதபுரம் ஓய்வு பி.டி. மாஸ்டர்

அன்றைக்கு நான் மட்டையைத் தூக்கி எறிந்ததையும் எழுத வேண்டுமா என்ன? எறிந்தேன். கேடிப் பையன்தான் போய் எடுத்துவந்தான். போதுமா?

பாம்பன் கரைவலை

வணக்கம் அண்ணன்மாரே. எனக்குக் கோல்ஃப் தெரியாது, டிவியில்கூடப் பார்த்ததில்லை. இங்கே பந்து என்று பேசுவதைப் பார்த்து வந்தேன்.

போன வாரம் வடகடலில் கரைவலை இழுத்தபோது நண்டு, ஊளி, பாசியோடு மூன்று வெள்ளைப் பந்து வந்தது. குண்டு குண்டாக, மேலெல்லாம் பள்ளம். சித்தப்பா ஏதோ முட்டை என்று நினைத்துத் தள்ளி நின்றார். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், மிதக்கவில்லை, கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் தென்னை மட்டையால் அடித்து விளையாடுகிறார்கள். நேற்று ஒன்று எங்கள் வீட்டு ஓட்டை உடைத்தது.

மண்டபம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. பார்க்காமல் விட்ட எண்பத்தி ஒன்றில் சிலது கடலுக்குள் போயிருக்குமோ? கோபமில்லை. ஆனால் தென்கடல் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்தப் பக்கத் தீவெல்லாம் 1986இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை இருக்கிற இடம்.

மண்டபம் வடகரை

தம்பி, ஓட்டுக்கு நான் காசு தருகிறேன். கொண்டுவந்த பந்தை இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று குறைகிறது. காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

இன்று காலை இருபது மட்டும் எடுத்துப்போனேன். மாஸ்டர் சொன்ன மாதிரி கோடு போட்டேன், காக்கா சொன்ன மாதிரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்றேன். ஒவ்வொன்றும் விழுகிற வரை பார்த்தேன். பதினான்கு கோணல். இவ்வளவு மோசமாக அடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, உண்மையைச் சொன்னால் வயிறு கலங்கிவிட்டது. பெரியவரைக் காணோம். படகும் இல்லை, கடலுக்குப் போயிருப்பார்.

அந்த மூன்று பந்திலும் சிவப்பு வளையம் இருந்தால் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பாம்பன் வருகிறேன். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், பந்துக்குப் பதில் ரப்பர் பந்து வாங்கிவருகிறேன்.