மறு: ரெஸ்பிரேட்டருக்கு ‘முகக்கவசம்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

2020க்குப் பிறகு எல்லார் வாயிலும் வந்துவிட்ட ‘முகக்கவசம்’ இருக்கும்போது தூசியும் நச்சுவாயுவும் மூச்சில் போகாமல் காக்கும் ரெஸ்பிரேட்டருக்குத் தமிழில் தனிச்சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். பழகிய சொல்லை விடக் கூடாதுதான். ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்தான சொல் என்று நினைக்கிறேன்.

எங்கள் வாணியம்பாடிப் பக்கத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஃபிங் பிரிவில் தோலைத் தேய்க்கும்போது மாவு போலத் தூசி பறக்கும். அங்கே நுண்தூசியைத் தடுக்கும் என்95 முகக்கவசம் சரி. அடுத்த கூடத்தில் ஸ்ப்ரே அடிப்பார்கள். தின்னர் ஆவியை என்95 தடுக்காது, ஆவியை உறிஞ்சும் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டிய வகை வேண்டும். கழிவுத் தொட்டியில் இறங்குவதென்றால் அதுவும் உதவாது. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்ஃபைடு, அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு இருந்தாலே, மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி ஆள் இறங்கிவிடுவார். தொட்டிக்குள் ஆக்சிஜனும் குறைந்திருக்கலாம். வடிகட்டி எடுக்க நல்ல காற்றே இல்லாத இடத்துக்குக் குழாயிலோ சிலிண்டரிலோதான் காற்று போக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் ‘கவசம்’ என்று பெயர் வைத்தால், கேட்பவருக்குக் கர்ணனின் கவசம்தான் நினைவுக்கு வரும்.

என் சித்தப்பா மகன் ஸ்ப்ரே பிரிவில் வேலை செய்கிறான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது துணிக்கொடியில் ஓர் என்95 சொட்டிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறார்கள். அதன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்தூசியை இழுத்துப் பிடிக்கிறது, துவைத்தால் அது கெட்டுவிடும் என்று சொன்னேன். “கவசம் போட்டுக்கிட்டுத்தாண்ணா வேலை செய்றேன், அப்புறம் ஏன் சாயங்காலம் தலை சுத்துது?” என்று கேட்டான். கம்பெனியில் கொடுத்தது அது ஒன்றுதான்.

அதனால் பெயரிலேயே வேலை தெரிய வேண்டும். ‘மூச்சுவடி’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அழகான சொல், ஆனால் சேர்த்து எழுதினால் கண் ‘சுவடி’யில் போய் நிற்கிறது. ‘மூச்சு வடிகட்டி’ என்று பிரித்தே எழுதலாம். அதற்குள் தூசி வடிகட்டி, வாயு வடிகட்டி என இரண்டு. டீத்தூள் வடிகட்டுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடிகட்டி காற்றைத் தராது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

விளிம்பு முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சீல் செக்குக்கு ‘கசிவு பார்த்தல்’ என்கிறேன். ஒவ்வொரு முறை மாட்டியதும் இரு கையாலும் பொத்தி ஊதிப் பார்க்க வேண்டும். மூக்கோரம் காற்று பட்டால் மூக்கின் மேலுள்ள பட்டையை மறுபடி அழுத்த வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது.

சிலிண்டர் வகைக்குத்தான் சொல் அமையவில்லை. ‘காற்றூட்டி’ என்றால் இறால் பண்ணைக்காரர்கள் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். தீயணைப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது, நீங்கள் அதை வேலையிடத்தில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.