மறு: 'மின்பளு மறுசீரமைப்பு' வேண்டாம், 'தோள்மாற்று' போதும்

அன்பர்களுக்கு வணக்கம். ஓடும் மின்கருவியை வேறு பிரேக்கருக்கு மாற்றும் வேலைக்கு நம் குழுவில் முன்வைத்த தமிழ்ச் சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

> மின்பளு மறுசீரமைப்பு. இதையே முடிவாக வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு மனம் ஒப்பவில்லை. கடனை மறுசீரமைப்பார்கள், மாநிலங்களை மறுசீரமைப்பார்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செல்பேசிக் கோபுரங்களின் கேபினெட்டுக்குள் கைவிட்டு வேலை பார்ப்பவன். ஓடிக்கொண்டிருக்கும் கருவியை நிறுத்தாமல் ஒரு பிரேக்கரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறோமே, அதற்குத்தான் எனக்குச் சொல் வேண்டும்.

2023இல் இங்கே ஸ்டேஜ் 6 என்ற கடுமையான சுழற்சி மின்வெட்டு நடந்தபோது இந்த வேலை அடிக்கடி வந்தது. 48 வோல்ட் நேர்மின்சார (DC) அமைப்பில் 24 பேட்டரிக் கலங்கள். மின்சாரம் இருக்கும்வரை, பேட்டரியை நிறைவாக வைத்திருக்க, 54 வோல்ட் போல நிற்கும். மின்சாரம் போனால் பேட்டரி தாங்கும். அது இறங்கி, குறித்து வைத்த அளவைத் தொட்டதும் முக்கியமில்லாத சுமைகளை, அதாவது மின்சாரம் இழுக்கும் கருவிகளை, கான்டாக்டர் என்ற தானியங்கி சுவிட்ச் தானே கழற்றிவிடும். ஒரு கோபுரத்தில் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இணைப்புத் தரும் ரேடியோவை எவரோ அந்தக் கழன்றுவிடும் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். லேபிளில் மட்டும் 'முக்கியம்' என்று எழுதியிருந்தது!

அதை முக்கியப் பக்கத்துக்கு மாற்றுவது இப்படி. மின்சாரம் இருக்கும்போது, கான்டாக்டர் மூடியிருக்க, இரு பக்கங்களுக்கும் மின்சாரம் தரும் இரண்டு செப்புப் பட்டைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும், அப்போதுதான் தொடுவோம். மோதிரம், கடிகாரம் எல்லாம் பைக்குள். புது பிரேக்கரை அணைத்து வைத்தபடியே அதிலிருந்து கருவிக்கு ஒரு தற்காலிகக் கம்பி. அப்புறம் வோல்ட்மீட்டரின் இரு முனைகளையும் அந்த பிரேக்கரின் இரு பக்கமும் வைப்பேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. 54 காட்டினால் கம்பியைத் திரும்புபாதையில் மாட்டிவிட்டேன் என்று பொருள். பிரேக்கரைப் போட்டால் நேர் ஷார்ட்தான். பூஜ்யம் வந்ததும் புதியதைப் போட்டு, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் இரண்டு கம்பிகளையும் பார்க்கிறேன். கருவி இழுக்கும் 18 ஆம்பியரை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். அதன் பிறகே பழையது அணையும்.

பழைய கம்பியை அப்படியே உருவி மாற்றலாமே என்றால், சுமையோடு இருக்கும் கம்பியைக் கையால் உருவ முடியாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அந்தப் பூஜ்யம் வராது, பொறி நின்று எரியக்கூடும்.

தைப்பூசத்துக்கு இங்கே காவடி எடுக்கிறோம். தோள் வலித்தால் காவடியைத் தரையில் வைப்பதில்லை, தோள் மாற்றிக்கொள்கிறோம். மறு தோள் ஏந்திய பிறகுதான் முதல் தோள் விடும். செய்முறை முழுவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வினையாகவும் ஆளலாம்: 'ரேடியோவைத் தோள்மாற்று'. மறுசீரமைப்பை அப்படி ஏவிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

> தோள் மாற்றுவது என்றால் பாடைதானே நினைவுக்கு வருகிறது?

வரட்டும் ஐயா. அங்கேயும் யாரும் கீழே போடுவதில்லை.

> எல்லா மாற்றத்துக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த 54 வந்தாலோ, வேறு ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி) தொகுதியிலிருந்து வரும் கம்பியாக இருந்து மின்னழுத்த வேறுபாடு தெரிந்தாலோ, தோள்மாற்றக் கூடாது. அனுமதி வாங்கி, அணைத்து, மாற்றி, மறுபடி போட வேண்டும். அதற்கு 'இறக்கியேற்று' என்று தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் 'சுமை மாற்றம்' என்ற ஒரே பெயரில் எழுதினால், குறிப்பைப் படிப்பவன் எதைச் செய்வான்?

தற்காலிகக் கம்பிக்கு 'சுமைதாங்கி' வைக்கலாமா என்று ஓர் ஆசை. என்னோடு வேலை பார்க்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையனுக்குத் தமிழ் அரைகுறை. சுமைதாங்கி அவனுக்குப் புரியவில்லை. வழிப்போக்கர் சுமை இறக்கி வைக்கும் அந்தக் கல்லை அவன் எங்கே பார்த்தான்? தோள்மாற்று என்றதும் தோளைத் தொட்டுக் காட்டினான், போன வருஷம் காவடி எடுத்தவன்.