வணிக விமானி உரிமம்: நல்ல பயிற்றுநரை அறிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த என் மகள், இங்கே இந்தியாவிலேயே விமானப் பயிற்சியில் சேர விரும்புகிறாள். விளம்பரங்களைத் தாண்டி ஒரு பயிற்றுநரின் தரத்தை எவ்வாறு அறிவது? தேர்வுக்கு எப்போது படிக்கத் தொடங்க வேண்டும்?

பதில் 1:
வணக்கம் ஐயா. உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரமும், அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் விமானியாகவும் பறந்திருக்க வேண்டும் என்பதால், எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்பதை நேரில் சென்று, அங்கே பயில்பவர்களிடமே கேளுங்கள். நான் பயின்ற இடத்தில் ஒரே ஆண்டில் மூன்று பயிற்றுநர்கள் மாறியதால், தரையிறக்கத்தை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கற்க நேர்ந்தது. உங்கள் மகளுக்கு அந்த வேதனை வேண்டாம். இறங்கிய பின் அவசரமாக எழுந்து போகாமல், அமர்ந்து பிழைகளை விளக்குபவரையே நான் நம்புவேன்.

பதில் 2:
கட்டணம் செலுத்தும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இது மிக முக்கியம். வானிலையியல், வான்வழிச் செலுத்தம் (வழியறிந்து விமானத்தைச் செலுத்துதல்), வான் ஒழுங்குமுறைகள் ஆகிய தாள்களில் 70 விழுக்காடு தேவை. பறக்கத் தொடங்குமுன்பே இவற்றைப் படித்தால், பயிற்சி நாள்களில் மனம் விமானத்திலேயே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மருத்துவப் பரிசோதனைக்கு இந்த வாரமே பதிவு செய்கிறேன்.