மணலுக்குள்ளே போன மஞ்சள் ராஸ் மீன்: பார்த்தவங்க எழுதுங்க

கித்தாக்கொட்டை:
ஊரு குளுவாங், 3 அடி உப்புத்தண்ணி மீன் தொட்டி, 7 செ.மீ. மஞ்சள் ராஸ் (wrasse, கடல் மீன்). இறக்கினதுமே தலைகுப்புற மணலுக்குள்ளே பாஞ்சிருச்சு. ரெண்டு நாள் தலையே காட்டல. மூணாம் நாள் விளக்கு எரிஞ்சு கொஞ்ச நேரத்துல மணல் லேசா பொங்குச்சு. முதல்ல ரெண்டு கண்ணு மட்டும். அப்படியே நின்னு தொட்டியை நோட்டம் விட்டுட்டுத்தான் உடம்பு வெளியே வந்துச்சு. குச்சியால கிளறியிருந்தா தோல் கிழிஞ்சிருக்கும். மணல் 6 செ.மீ.

செம்பனைக்காடு:
ஆழம் சரி அண்ணே, எந்த மணல்னு எழுதலையே? பவளத்துண்டு கலந்த பருமணல்ல பாஞ்சா தாடை உரசிப் புண்ணாகும், அப்புறம் தீனி எடுக்காது. சீனி மாதிரி நைஸா இருக்கணும். அடிமணல் கறுத்து அழுகின முட்டை வாடை அடிச்சா இன்னும் மோசம், ராத்திரி முழுக்க மீன் அதுக்குள்ளேதான் கிடக்கும்.

மெர்சிங் படகு:
மணல் மணல்னு ஏன் எல்லாரும்? எல்லா ராஸும் மணல்ல படுக்காது. ஆறுகோட்டு ராஸ் பாறை இடுக்குல சளிக்கூடு கட்டிக்கிட்டு தூங்கும். தியோமான் தீவுப் பக்கம் ஒரு களவா மீன் வாயைப் பொளந்து நிக்குது, நீலக்கோட்டு ராஸ் உள்ளே போய்ச் செவுள்ல ஒட்டின பேனைக் கொத்துது. களவா வாயை ஒரு வெட்டு வெட்டி அரைவாசி மூடுச்சு. சின்னது வெளியே வந்ததும்தான் முழுசா மூடுச்சு! அதே உடுப்புல போலியும் உண்டு, கிட்டே வந்து துடுப்பைக் கடிச்சிட்டு ஓடும். வாயைப் பாருங்க: நிஜத்துக்கு முகத்து நுனியில, போலிக்கு அடியில. கடையில நிஜத்தையும் வாங்காதீங்க. சின்னத் தொட்டியில பேன் கிடைக்காம மெலிஞ்சு செத்துரும். அந்தத் தீவைச் சுத்தி கடல் பூங்கா, பிடிக்கவும் கூடாது.

தோட்டத்துப் பையன்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ராஸ் மணல்ல சாகிறதைவிட தரையில சாகிறதுதான் அதிகம். மிரண்டா தாவும், அதனால 6 மி.மீ. கண் வலை மூடி முதல் நாளே வேணும். கண்ணாடி மூடி வேணாம், தகரக்கூரை வீட்டுல மத்தியானம் தண்ணி 31 பாகையைத் தாண்டிரும், வலைன்னா விசிறிக் காத்து உள்ளே இறங்கும். இடி மழைக்கு கரண்ட் போனா பேட்டரிக் காத்துப் பம்பு. கடையிலிருந்து வரும்போது பையில ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு காத்து, மேலே கறுப்புத் துணி. பைத் தண்ணி உப்படர்த்தி 1.025க்கு வர, தொட்டித் தண்ணியை அதுல சொட்டுச் சொட்டா 45 நிமிஷம் விடணும். தீனிக்கு மைசிஸ் (குட்டி இறால் மாதிரி) கொஞ்சங் கொஞ்சமா நாளைக்கு மூணு வேளை, ஓயாம நீந்துற மீன், ஒரே வேளை போட்டா முதுகு ஒட்டிப்போகும். ஜோடி வேணும்னா பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. எல்லாம் பொண்ணாத்தான் வளரும், பெருசு ஆணா மாறிக்கும். ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா ஒண்ணுதான் மிஞ்சும்.

கித்தாக்கொட்டை:
வலை இருக்கு தம்பி. குழாய் போற ஓட்டைதான் 2 செ.மீ. பஞ்சு அடைக்கவா?

தோட்டத்துப் பையன்:
பஞ்சு ஊறி உள்ளே விழுந்துரும். அதே வலையில துண்டு வெட்டி குழாயைச் சுத்திக் கட்டுங்க.